அயர்லாந்தின் கற்சுவர்கள் சிமெண்ட் இல்லாமல் எப்படி நிற்கின்றன?

அயர்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய்வந்த ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வயல்களுக்கு நடுவே சிமெண்ட், சுண்ணாம்பு, களிமண் எதுவும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஓட்டை. அங்கே அடிக்கிற கடற்காற்றில் அது எப்படி விழாமல் நிற்கிறது? அப்புறம், இவ்வளவு சாதாரணமான ஒரு வேலிச்சுவரை யுனெஸ்கோ எதற்காகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது?

முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது சரியாகப் புரிந்துவிட்டால் இரண்டாவதற்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

அந்தச் சுவர் நிற்பதற்கு அந்த ஓட்டைகளும் ஒரு காரணம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்று கெட்டிச் சுவரில் மோதினால் அதன் முழு வேகமும் சுவர்மேல் இறங்கும். மிஞ்சிய காற்று மேலே ஏறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று விழுந்து, சுவரை ஒட்டி நிற்கும் பயிரையே புரட்டிப் போடும். ஓட்டையுள்ள சுவர் சல்லடை மாதிரி வேலை செய்கிறது. காற்று உள்ளே புகுந்து, பல துண்டாகி, வேகம் குறைந்து வெளியே வருகிறது. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்வரை அமைதியாக இருக்கும். ஆடுமாடு ஒதுங்கவும் உருளைக்கிழங்குச் செடி தலை நிமிரவும் அது போதும். மழைநீருக்கும் இதே கதைதான். சாந்து வைத்த சுவருக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். குளிரில் உறைந்து விரியும்போது சுவரைப் பிளக்கும். வெறுங்கல் சுவரில் தண்ணீர் தங்குவதே இல்லை. அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் கற்கள் ஒன்றோடொன்று நகர்ந்து, மறுபடி உட்கார்ந்துகொள்ளும். விரிசல் விடுவதற்கு அங்கே ஒட்டு என்று எதுவும் இல்லை.

இன்னொரு பயனையும் மேற்குப் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் தெரிகிற, கால் வைத்தால் ஆடும் போலத் தோன்றுகிற சுவர்மீது ஆடு தாவத் தயங்குமாம். மலையேறிப் பழகிய ஆட்டைக் கெட்டிச் சுவரைவிட இந்தச் சன்னல் சுவர் நன்றாக நிறுத்தும் என்பது அவர்கள் அனுபவம்.

சரி, ஓட்டை மட்டும் போதாதே. கல்லைப் பிடித்து வைத்திருப்பது எது? எடையும் உராய்வும்தான். அந்த இரண்டையும் ஒழுங்காக வேலை வாங்கத் தெரிவதே இந்தத் தொழில். இதைப் புத்தகத்தில் படித்ததைவிட, கால்வே மாவட்டத்தில் ஒரு பயிற்சியில் இரண்டு நாள் கல் தூக்கியபோதுதான் நான் கற்றுக்கொண்டேன். இடிந்துபோன நாலு மீட்டர் சுவரைத் திரும்பக் கட்டினோம். அது இரட்டைச் சுவர், அதாவது இரண்டு முகமும் நடுவில் நிரப்பலும் உள்ள வகை.

முதல் அரை நாள் ஒரு கல்லைக்கூட வைக்கவில்லை. விழுந்து கிடந்த கல்லையெல்லாம் எடுத்துப் புல்லில் பரப்பினோம். அடிவரிசைக்குப் போகும் பெருங்கல் சுவருக்குப் பக்கத்தில், சிறியவை அதற்குப் பின்னால், உச்சியில் வைக்கிற தலைக்கல் எல்லாவற்றுக்கும் கடைசியில். நடுவில் நடக்க ஒரு வழி. நொறுங்கிய சில்லுகூட வீணாகாது, அது தனிக் குவியல். அப்புறம் அஸ்திவாரம் தோண்டி, மேல்மண்ணை எடுத்து, கெட்டித் தரை வந்ததும் இரண்டு பக்கமும் நூல் கட்டினோம். அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் வரவேண்டும் என்பதால் இரண்டு முகமும் உள்பக்கம் சாய்ந்தே ஏறும். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பது போல.

கல் வைக்கும்போது கற்றுக்கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்றே விஷயம். கல்லின் நீளம் சுவருக்கு உள்ளே போக வேண்டும். அழகான நீளப்பக்கத்தை வெளியே காட்டி வைத்தால் கொஞ்ச நாளில் அது உருண்டுவிடும். ஒரு கல் இரண்டு கல்மேல் உட்கார வேண்டும், ஒரு கல்மேல் இரண்டு கல் வரவேண்டும். கீழ்வரிசை இணைப்புக்கு நேர்மேலே இன்னொரு இணைப்பு வரவே கூடாது. நடுவே நிரப்பும் சிறு கல்லை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டாமல் கையால் ஒவ்வொன்றாக வைத்து இறுக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் உள்ளே கொட்டிய ஜல்லி வருஷா வருஷம் கீழே இறங்கி, வயிறு தள்ளுகிற மாதிரி இரண்டு முகத்தையும் வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த சுவர்களில் தொப்பை விழுந்தவை இருந்திருக்கும்; அவற்றில் பலவற்றுக்கு நோய் உள்ளே நிரப்பியதில்தான்.

பாதி உயரம் வந்ததும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்றாக, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகிற நீளக்கல்லைப் போட வேண்டும். இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். கடைசியில் கனமான தலைக்கற்கள், செங்குத்தாக, ஒன்றை ஒன்று நெருக்கி. அவற்றின் எடை கீழே இருக்கிற அத்தனையையும் அழுத்திப் பூட்டிவிடும்.

ஒரு கல் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்பதைக் காதே சொல்லிவிடும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஆடுகிற கல் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். உள்பக்கத்திலிருந்து ஒரு சில்லைச் செருகி மறுபடி அழுத்த வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அடுத்த கல். வெளிப்பக்கம் ஆப்பு அடிப்பது தப்பு. நாளடைவில் அது கழன்று விழும், அதை நம்பியிருந்த கல்லும் கூடவே போகும். என் பகுதியில் மூன்று வரிசை இணைப்பு ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் நின்று பார்த்தார். நானே பிரித்து மறுபடி வைத்தேன். கைக்குக் கல் பழகுவது எவ்வளவு காலப் பாடம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் ஒரு கல்லை எடுப்பார், இரண்டு தரம் திருப்புவார், வைப்பார். அது அங்கேயே பிறந்த மாதிரி உட்காரும். எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடாதே என்பது அந்தத் தொழிலில் பழைய சொல். கண்ணே முதலில் அளந்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

இந்த இரட்டைச் சுவர் ஒரு வகைதான். கன்னிமரா பக்கம் போனால் கருங்கல் பாறை. (சென்னைக் கன்னிமரா நூலகம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த மதராஸ் ஆளுநரின் பிரபுப் பட்டம் இந்தப் பகுதியின் பெயர்தான்.) அங்கே உருண்டைக் கல்லே அதிகம் என்பதால் ஒரே ஒரு கல் கனத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒற்றைச் சுவரைப் பார்க்கலாம். வெளிச்சம் அதிகம் தெரிவது இவற்றில்தான். கிளேர் மாவட்டத்தின் பர்ரனில் சுண்ணாம்புப் பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதனால் அங்கே மெல்லிய பலகைக் கல்லைச் செங்குத்தாக நிறுத்திய சுவர்களும் உண்டு, ஒரு வரிசைப் புத்தகம் மாதிரி. அரன் தீவுகளில் ஃபெய்டீன் என்றொரு வகை இருக்கிறது. இடைவெளி விட்டு நெட்டுக்கற்களை நடுவார்கள். நடுவில் சிறு கல்லாக நிரப்புவார்கள். மேலே பெரிய கற்களை ஏற்றுவார்கள். நெட்டுக்கல்லைத் தாய் என்றும் நடுவில் நிற்கும் சிறியவற்றைப் பிள்ளைகள் என்றும் அங்கே சொல்வதுண்டு. பெரியதைக் கீழே வைக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறு. ஆனால் மேலே ஏறிய எடைதான் சிறு கற்களை அசையாமல் பிடித்து வைக்கிறது. பழகியவர்கள் சுவரைப் பார்த்தே அடியில் என்ன பாறை, எந்த வட்டாரம் என்று சொல்லிவிடுவார்கள்.

அரனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர் என்று மூன்றே தீவுகள். மூன்றிலும் சேர்த்து 1,000 மைலுக்கு மேல் சுவர் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். தரை முழுக்க மொட்டைப் பாறை, மண் கிடையாது. அதனால் அந்த மக்கள் மண்ணையே செய்தார்கள். பாறையின் வெடிப்புகளைச் சிறு கல்லால் அடைத்து, கடற்கரை மணலையும் கடற்பாசியையும் கூடையில் சுமந்துவந்து மாற்றி மாற்றிக் கொட்டி, மட்கவைத்து, அதில் உருளைக்கிழங்கு போட்டார்கள். இப்படிச் செய்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போய்விடாமல் காப்பது யார்? அந்தச் சுவர்தான். பொறுக்கி எடுத்த கல்லைப் போட வேறு இடமும் இல்லை. குட்டிக் குட்டி வயல்கள், நாலு பக்கமும் சுவர். மேலிருந்து பார்த்தால் மீன்வலையை விரித்த மாதிரி இருக்கும்.

ஏன் இவ்வளவு சின்ன வயல்கள் என்று கேட்கலாம். இதில் ஒரு பெரிய துயரமும் இருக்கிறது. 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மேற்கில் நிலம் மோசம், குத்தகைப் பணம் அதிகம், குத்தகை நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து துண்டானது. அதற்கு முன் பல இடங்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து குத்தகை எடுத்து, ஆளுக்கு இங்கொரு துண்டு அங்கொரு துண்டாகச் சுவரில்லாமல் பயிரிடும் முறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலச்சுவான்தார்களும், 1891-இல் நெருக்கடி மாவட்டங்களுக்காக ஏற்படுத்தப்பட்ட அரசு வாரியமும் அதை நீளநீளப் பட்டைகளாக அளந்து பிரித்தார்கள். மலையடிவாரத்திலிருந்து நேராக மேலே ஏறிப்போகும் சுவர்களை நீங்கள் பார்த்திருந்தால் அவற்றில் பல இந்தப் பிரிவினையின் கோடுகள். நடுவில் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். நிவாரண வேலை என்ற பெயரில் பசித்தவர்களைச் சாலை போடவும் கல் உடைக்கவும் சுவர் கட்டவும் வைத்தார்கள். ‘பஞ்சச் சுவர்’ என்று மக்கள் காட்டுகிற எல்லாமே அந்த ஆண்டுகளில் எழுந்தவை அல்ல. ஆனால் அந்தப் பெயர் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று நாம் படமெடுக்கும் சுவர்களில் சிலவற்றை அடுக்கியவர்கள் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கலை பஞ்ச காலத்துக்கு எவ்வளவோ முந்தியது. மேயோ மாவட்டத்தின் வடகரையில் 1930-களில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர், அடுப்பெரிக்கச் சதுப்புநிலத்தில் பீட் என்ற எரிபொருள் மண்ணை வெட்டும்போது ஆழத்தில் கற்குவியல்கள் வரிசையாக வருவதைக் கவனித்தார். சதுப்பு வளர்வதற்கு முன்பே யாரோ அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்து, 1970-களில் அந்த இடத்துக்கே திரும்பி வந்தார். தோண்டுவதற்குப் பதில் நீளமான இரும்புக் கம்பியைச் சதுப்பில் குத்திக்கொண்டே போனார்கள். கம்பி சீக்கிரமே கல்லில் முட்டினால் கீழே சுவர். அந்த இடத்தில் ஒரு குச்சி. குச்சிகளைப் பார்த்தால் சுவர் போகிற பாதை தெரியும். இப்படியே கேய்ஜெ வயல்கள் என்ற ஒரு முழு வயல்வெளியின் வரைபடம் கிடைத்தது. சுமார் 5,500 ஆண்டுப் பழமை என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடப் பிந்தியது, வெண்கலக் காலத்தது என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

வேலிச்சுவரோடு இது நிற்கவில்லை. கெர்ரி மாவட்டத்தின் ஸ்டேக் கோட்டைச் சுவர் அடியில் 4 மீட்டர் கனம், சாந்து கிடையாது. ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற கடற்பாறையின் உச்சியில் துறவிகள் கட்டிய தேன்கூட்டுக் குடில்களும், டிங்கிள் தீபகற்பத்தில் கவிழ்த்த படகு மாதிரி நிற்கும் காலரஸ் வழிபாட்டுக் கூடமும், ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி உச்சியில் மூடிய கட்டடங்கள். நியூகிரேஞ்ச் கல்லறையின் உள்ளறைக் கூரையும் அதே முறைதான். கிமு 3200 வாக்கில் அடுக்கியது, இன்றும் உள்ளே ஒழுகுவதில்லை.

இப்போது யுனெஸ்கோ விஷயம். 2018-இல் குரோஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளின் பெயரில் இந்தக் கலை பதிவானது. 2024 டிசம்பரில் அயர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம், லக்சம்பர்க், அண்டோரா ஐந்தும் சேர்ந்துகொண்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கெல்லிக் மைக்கேல் 1996-இல் சேர்ந்தது உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில், அது இடத்துக்கானது. கல்லடுக்கு சேர்ந்திருப்பது வேறு பட்டியல். அதில் அயர்லாந்திலிருந்து ஏற்கெனவே உயிலியன் பைப் வாசிப்பும் ஹர்லிங் விளையாட்டும் ஹார்ப் வாசிப்பும் இருக்கின்றன. அதாவது எந்தச் சுவரையும் பதிவு செய்யவில்லை. கல்லைத் திருப்பிப் பார்த்து வைக்கத் தெரிந்த கையையும் கண்ணையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. வெறுங்கல் சுவர் என்றைக்காவது விழும். மாடு உரசும், மரவேர் தூக்கும், ஆள் ஏறும்போது தலைக்கல் சரியும். விழுந்தால் அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டலாம், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஆனால் கட்டத் தெரிந்தவர் வேண்டும். அப்பா அடுக்க, பிள்ளை ஜல்லி எடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்ட தொடர்ச்சி, முள்கம்பியும் மின்வேலியும் வந்தபின் பல ஊர்களில் அறுந்துபோனது. டிராக்டருக்கு வழிவிடச் சுவர்களைத் தள்ளினார்கள். விழுந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். சிமெண்ட் வைத்த துண்டு மட்டும் அசையாது, இரண்டு பக்கமும் பழைய சுவர் அசையும். அதனால் அந்த இணைப்பிலேயே அடுத்த இடிவு ஆரம்பிக்கும். அந்தத் துண்டில் பெரணியும் பாசியும் வராது, உள்ளே குடியிருந்த, கீரி மாதிரித் தோன்றும் ஸ்டோட் என்ற சிறு விலங்கும் குருவியும் அயர்லாந்தின் ஒரே பூர்வீகப் பல்லியும் புக இடமிருக்காது. நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு பழைய சுவரையும் கெடுத்துவிடுவதை நேரில் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. அயர்லாந்து வெறுங்கல் சுவர்ச் சங்கம் பயிற்சிகள் நடத்துகிறது. இனிஷ் ஈர் தீவில் கல்லுக்கென்றே விழா எடுத்து, கட்டத் தெரிந்தவர்களும் தெரிந்துகொள்ள வந்தவர்களும் சேர்ந்து சுவர் அடுக்குகிறார்கள். வேளாண் சுற்றுச்சூழல் திட்டங்களில் பழைய சுவரைப் பராமரிக்கும் விவசாயிக்கு அரசு பணம் கொடுத்து வந்திருக்கிறது.

நீங்கள் மறுபடி அந்தப் பக்கம் போனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பர்ரனில் சுற்றுலாப் பயணிகள் நினைவுக்காகச் சின்னச் சின்னக் கற்குவியல் அடுக்கிவிட்டுப் போகிறார்கள், அதற்குப் பக்கத்துச் சுவரிலிருந்தே கல்லை உருவுவதும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவரைத் தாண்ட வேண்டுமானால் படிக்கல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள், கண்ட இடத்தில் ஏறாதீர்கள்.

அரனுக்குப் போனால், வாசல் இல்லாத வயல்களைக் கவனியுங்கள். நாலு பக்கமும் சுவர், கேட்டே இருக்காது. மாடு எப்படி உள்ளே போனது என்று நானும் முதலில் திகைத்தேன். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். சுவரில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் நெட்டுக்கல் நிற்க, நடுவில் மட்டும் கல் தளர்வாக அடுக்கியிருந்தது. ஐரிஷில் அதைப் பார்னா என்கிறார்கள், இடைவெளி என்று பொருள். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மாடுகள் பழகிய கால்களோடு தாண்டி உள்ளே போயின. பிறகு எடுத்த வரிசைக்குத் தலைகீழாக, கடைசியில் எடுத்ததை முதலில் வைத்து, சுவரை மூடினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் மறுபடி வந்து அதைப் பிரிப்பார்.